பழைய சோஃபா, நாற்காலிக்கு வீட்டிலேயே புது மெத்தை, புது துணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மும்பையில் மாட்டுங்கா, செம்பூர், முலுண்டு பக்கம் பல தமிழ் வீடுகளில் தேக்குச் சட்டம் போட்ட பழைய சோஃபாக்களும் சாப்பாட்டு மேஜை நாற்காலிகளும் இன்னும் அசையாமல் நிற்கின்றன. கிழிந்திருப்பது துணிதான், அமுங்கியிருப்பது ஸ்பாஞ்சுதான். அவற்றைத் தாங்களே சரிசெய்ய நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: துணிக்கடையில் தொடங்காதீர்கள். சட்டம், பட்டி (இருக்கையின் அடியில் குறுக்கும் நெடுக்குமாக அடிக்கும் பட்டை), ஸ்பிரிங், ஸ்பாஞ்ச் எல்லாம் சரியான பிறகு வாங்க வேண்டியது துணி.

எங்கள் சோஃபா இந்த உழைப்புக்குத் தகுதியானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முன்பக்கத்தின் ஒரு மூலையை மட்டும் பிடித்து அரை அடி தூக்குங்கள். முன்பக்கத்து மற்றொரு காலும் கூடவே எழும்பினால் சட்டம் உறுதி. அது தரையிலேயே நிற்க, நடுப்பகுதி முறுக்கிக்கொண்டால் மூட்டு தளர்ந்திருக்கிறது. அடுத்து சோஃபாவைக் கவிழ்த்து அடித்துணியைப் பிரித்துவிட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். சிறு துளைகளும் மாவு போன்ற தூளும் தெரிந்தால் வண்டு. மண் கோடு தெரிந்தால் கரையான். திருப்புளியால் குத்தும்போது மரம் உள்ளே போனால் அந்தக் கட்டையை மாற்றியே ஆக வேண்டும்.

தளர்ந்த மூட்டின் மேல் ஆணி அடிப்பது பலரும் செய்யும் தவறு. ஆணி கொஞ்ச நாள் பிடிக்கும், பிறகு மரத்தைப் பிளந்துவிடும். மூட்டை முழுக்கக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, மர ஃபெவிகால் தடவி, கயிறோ கிளாம்ப்போ போட்டு இறுக்கி ஒரு நாள் முழுதும் விட்டுவிடுங்கள். தேக்கு, சீஷம் போன்ற கெட்டி மரம் என்றால் இவ்வளவு சிரமமும் தகும். பார்ட்டிகிள் போர்டில் செய்த சட்டம் ஒருமுறை பிடுங்கிய இடத்தில் மறுபடி ஸ்டேப்ளர் பின்னைப் பிடிக்காது. அதற்குத் துணி வாங்குவது வீண்செலவு.

சோர் பஜாரில் பழைய நாற்காலி வாங்கியிருக்கிறோம். அப்படியே வீட்டுக்குள் கொண்டுவரலாமா?

வேண்டாம். அங்குள்ள மட்டன் ஸ்ட்ரீட் கடைகளில் நல்ல மரச் சட்டங்கள் கிடைக்கின்றன, ஆனால் பழைய மெத்தைக்குள் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கும் தெரியாது. தையல் ஓரங்களிலும் ஆணி வரிசையின் அடியிலும் பேனா மைப் புள்ளி போன்ற கறுப்புக் கறை இருந்தால் மூட்டைப்பூச்சி. கட்டடத்தின் கீழேயே பழைய துணியையும் ஸ்பாஞ்சையும் பிரித்து, பையில் இறுகக் கட்டிவிடுங்கள். வெறும் சட்டம் மட்டும் மேலே வரட்டும். சும்மா போட்டுவைத்தால் செத்துவிடும் என்று எண்ண வேண்டாம், மூட்டைப்பூச்சி பட்டினியாக மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மூட்டு இடுக்குகளில் நீராவியை மெதுவாகக் காட்டுங்கள், அல்லது பூச்சிமருந்து அடிப்பவரை அழையுங்கள்.

முதலில் எதில் கை வைப்பது?

இருக்கையை மட்டும் தனியே கழற்ற முடிகிற சாப்பாட்டு மேஜை நாற்காலியில். தையலே தேவையில்லை. பட்டன் பதித்த சோஃபா, வளைந்த கைப்பிடி, தோல் உறை ஆகியவற்றைக் கை பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

பழைய பின்களை நெம்ப ஒரு தட்டைத் திருப்புளி, இழுக்க ஒரு குறடு, சுத்தியல், அளவு நாடா, சாக்பீஸ், துணிக்கென்றே வைத்த பெரிய கத்திரி, ஸ்பாஞ்ச் வெட்டப் புது ஹாக்சா பிளேடு, வளைந்த ஊசி, கைவிசை ஸ்டேப்ளர் துப்பாக்கி. எல்லாமே கருவிக் கடைகள் நிறைந்த நாக்தேவி ஸ்ட்ரீட்டில் ஒரே நடையில் கிடைக்கும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். துருப்பிடித்த பின் தெறிக்கும்போது எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது.

ஸ்டேப்ளர் பின்களை வாங்கும்போது அவற்றின் காலின் நீளம் முக்கியம். ப்ளைவுட்டுக்கும் மென்மையான மரத்துக்கும் 10 மி.மீ. சரி. தேக்கிலும் சீஷத்திலும் கைத் துப்பாக்கி 10 மி.மீ. பின்னை முழுக்க இறக்காது, பாதியில் மடங்கும். அங்கே 6 அல்லது 8 மி.மீ. போட்டு, தலை எழும்பி நிற்பதைச் சுத்தியலால் தட்டி இறக்குங்கள். கடற்கரை ஊர் என்பதால் சாதாரண இரும்புப் பின்கள் துருவேறி வெளிர் துணியில் பழுப்புப் புள்ளியாகத் தெரியும். துத்தநாகப் பூச்சுள்ளதையோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையோ கேட்டு வாங்குங்கள். காற்றழுத்தத் துப்பாக்கி வேலையைப் பலமடங்கு சுலபமாக்கும், ஆனால் கம்ப்ரெஸர் போடும் சத்தத்தை எந்தக் குடியிருப்பு சொசைட்டியும் பொறுக்காது.

பழைய துணியைப் பிரிக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கிழித்து எறியாதீர்கள். பழைய துணிதான் உங்கள் வெட்டு அளவு. கடைசியாக அடித்தது முதலில் வரும்: அடித்துணி, முதுகின் வெளிப்புறம், கைகளின் வெளிப்புறம், முதுகின் உட்புறம், கைகளின் உட்புறம், கடைசியில் இருக்கை. புதிதாகப் போடும்போது இதே வரிசை தலைகீழாகும். ஒவ்வொரு துண்டின் பின்புறத்திலும் அது எந்த இடம், மேல் எது, முன் எது என்று மார்க்கரில் எழுதி வையுங்கள். மூலைகளில் மடிப்பு எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று போட்டோ எடுங்கள். ஒரு பின்கூட மரத்தில் மிஞ்ச வேண்டாம். முனை முறிந்து வராதவற்றை உள்ளே அடித்து இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் புதுத் துணியை உள்ளிருந்து அறுக்கும்.

மிகப் பழைய சோஃபாவில் ஸ்பாஞ்சுக்குப் பதில் தேங்காய் நாரோ குதிரைமுடியோ இருக்கலாம். பூஞ்சை வாடை இல்லையென்றால் கையால் பிரித்து உதறி, இரண்டு மூன்று நாள் வெயிலில் போட்டுத் திரும்பப் பயன்படுத்துங்கள். இன்று கிடைக்கும் மலிவான ஸ்பாஞ்சைவிட அது பல மடங்கு உழைக்கும்.

சாப்பாட்டு நாற்காலி இருக்கையை மாற்றும் முறையைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா?

அடியிலுள்ள நான்கு ஸ்க்ரூக்களைக் கழற்றினால் இருக்கைப் பலகை தனியே வரும். எந்தப் பலகை எந்த நாற்காலியுடையது என்று எண் போட்டு வையுங்கள். ஒரே செட் என்றாலும் துளைகள் ஒன்றுக்கொன்று பொருந்தாது. ப்ளைவுட் உப்பியிருந்தால் அதே அளவில் 9 அல்லது 12 மி.மீ. பலகை வெட்டிக்கொள்ளுங்கள்.

2 அங்குல ஸ்பாஞ்சின் மேல் பலகையை வைத்துக் கோடு போட்டு, கோட்டுக்குக் கால் அங்குலம் வெளியே வெட்டுங்கள். அந்தக் கால் அங்குலம்தான் பலகையின் கூர்விளிம்பு தொடையில் உறுத்தாமல் காக்கும். ஸ்பாஞ்ச் நகராமலிருக்க ஃபெவிகால் எஸ்.ஆர். 998 போன்ற ரப்பர் பசையை இரண்டு பரப்பிலும் மெல்லியதாகத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை 10 முதல் 15 நிமிடம் காத்திருந்து அழுத்துங்கள். இந்தப் பசையின் ஆவி தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பையும் சுவாமி விளக்கையும் ஊதுபத்தியையும் அணைத்த பிறகே டப்பாவைத் திறக்க வேண்டும். வெள்ளை ஃபெவிகாலை ஸ்பாஞ்சுக்குப் போடாதீர்கள். காய்ந்ததும் கல்லாகி உட்காரும் இடத்தில் கட்டியாகத் தெரியும்.

மேலே பாலியஸ்டர் பஞ்சு ஷீட் ஒன்றைப் போர்த்தி, ஓரத்தோடு வெட்டுங்கள். அது இல்லாவிட்டால் துணி ஸ்பாஞ்சோடு நேரடியாக உரசி, சீக்கிரம் தேயும், சுருங்கவும் செய்யும்.

இனி துணி. மேஜையில் கவிழ்த்து விரித்து, அதன் மேல் பலகையைக் கவிழ்த்து வையுங்கள். முன்பக்க நடுவில் ஒரு பின், அதற்கு நேரெதிரே பின்பக்க நடுவில் இழுத்து ஒரு பின், பிறகு இடம், வலம். இந்த நான்கும் ஆனதும் நிமிர்த்திப் பாருங்கள். துணியின் கோடு நேராக ஓடுகிறதா, பூ நடுவில் இருக்கிறதா? இல்லையென்றால் பிடுங்க வேண்டியது நான்கே பின்கள். நடுவிலிருந்து மூலையை நோக்கி, எதிரெதிர்ப் பக்கங்களில் மாறி மாறி அடித்துக்கொண்டு போய், ஒவ்வொரு மூலைக்கும் 2 அங்குலம் முன்னால் நிறுத்துங்கள். பின்னுக்குப் பின் ஓர் அங்குலம் இடைவெளி போதும்.

மூலையில் துணியின் முனையை நேராக உள்நோக்கி இழுத்து ஒரு பின். இரு புறமும் மிஞ்சும் துணியை மடித்து, மடிப்பு பக்கவாட்டைப் பார்க்கும்படி அடித்து, அடியில் தடித்து நிற்பதை வெட்டுங்கள். ஸ்க்ரூ துளைகளை மூடிவிடாதீர்கள்.

இருக்கை சட்டத்துக்குள் பதியும் வகை. புதுத் துணி போட்ட பிறகு உள்ளே போகவில்லை. ஏன்?

பழைய துணி மெலிந்தது, புதியது தடித்தது. மேலும் பஞ்சு ஷீட்டைப் பக்கவாட்டிலும் சுற்றியிருப்பீர்கள். இந்த வகையில் பஞ்சு மேல் விளிம்போடு நிற்க வேண்டும், ஸ்பாஞ்சும் பலகைக்கு வெளியே நீளக் கூடாது. பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒவ்வொரு பக்கமும் 2 முதல் 3 மி.மீ. இடம் வேண்டும். இல்லையென்றால் பலகையின் ஓரத்தை ரந்தா (இழைப்புளி) போட்டுக் குறையுங்கள். சுத்தியலால் தட்டி இறக்கினால் நாற்காலியின் மூட்டு விட்டுவிடும்.

துணியில் அலை அலையாகக் கோடுகள் விழுகின்றன. என்ன தவறு?

பின்னிலிருந்து உள்நோக்கிப் போகும் சிறு கோடு என்றால் அந்த ஓர் இடத்தில் மட்டும் அதிகம் இழுத்திருக்கிறீர்கள். அதைப் பிடுங்கித் தளர்த்தி அடியுங்கள். மூலையிலிருந்து குறுக்காக ஓடும் கோடு, நடுவைப் பிடிக்காமல் மூலையை முதலில் அடித்ததன் அடையாளம். ஒரு மாதம் கழித்துத் துணி தொங்கினால் ஸ்பாஞ்சை அழுத்தாமல் அடித்திருக்கிறீர்கள். உள்ளங்கையால் விளிம்பை அமுக்கிப் பிடித்துக்கொண்டே அடிக்க வேண்டும்.

ஸ்பாஞ்ச் கடைக்காரர் '40 டென்சிட்டி' என்கிறார். நம்பலாமா?

எடை போட்டுப் பாருங்கள். 40 டென்சிட்டி என்றால் ஒரு கன மீட்டர் ஸ்பாஞ்ச் 40 கிலோ. 22 அங்குலச் சதுரம், 5 அங்குல உயரம் உள்ள குஷன் துண்டு சுமார் 1.6 கிலோ இருக்க வேண்டும். அதே அளவில் 32 டென்சிட்டி துண்டு 1.3 கிலோவை எட்டாது. சமையலறைத் தராசே போதும்.

டென்சிட்டியும் கெட்டித்தன்மையும் ஒன்றல்ல. டென்சிட்டி எத்தனை வருடம் தாங்கும் என்பதைச் சொல்கிறது. கெட்டித்தன்மை உட்காரும்போது எப்படியிருக்கும் என்பதைச் சொல்கிறது. 40 டென்சிட்டியிலும் மென்மையானது உண்டு. இருக்கைக்கு 40, முதுகுக்கு 28 அல்லது அதற்குக் கீழே மென்மையானது என்பது நல்ல கணக்கு. முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் இருக்கும் வீட்டில் கெட்டியான 5 அங்குலம் போடுங்கள். ஆழமாகப் புதையும் சோஃபாவிலிருந்து எழுவது அவர்களுக்குத் தினசரிப் போராட்டம். துண்டு ஸ்பாஞ்சை அரைத்து ஒட்டிய ரீபாண்டட் கெட்டியாகவும் கனமாகவும் இருக்கும். அதனால் எடைச் சோதனை அதற்குப் பொருந்தாது. அதை அடியில் ஓர் அங்குலமாகப் போடலாம், தனியாகப் போட்டால் பலகையில் உட்கார்ந்ததுபோல் இருக்கும்.

ஜிப் வைத்த உறைக்குள் போகும் ஸ்பாஞ்ச் உறையைவிட நீள அகலத்தில் அரை அங்குலம் பெரிதாக இருக்கட்டும். சமமாக வெட்டினால் மூலைகள் காலியாகத் தொங்கும்.

ஸ்பாஞ்ச் மாற்றிய பிறகும் நடுவில் குழி விழுகிறது.

பிரச்சினை அடியில். பட்டி தளர்ந்திருக்கும், அல்லது ஸ்பிரிங் கிளிப் கழன்றிருக்கும். 2 அங்குலச் சணல் பட்டியை முன்னிருந்து பின்னாகவும் பக்கவாட்டிலும் பாய் முடைவதுபோல் மேலும் கீழுமாகக் கோத்து அடிக்க வேண்டும். இரண்டு பட்டிக்கு நடுவே 2 அங்குலத்துக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். முனையை மடித்து, மடிப்பின் மேலும் ஒரு வரிசை பின் போடுங்கள். வெறுங்கையால் போதிய அளவு இழுக்க முடியாது. பட்டியை ஒரு கைப்பிடி மரக்கட்டையில் சுற்றி, கட்டையைச் சட்டத்தில் ஊன்றி நெம்பி இழுங்கள். எலாஸ்டிக் பட்டியென்றால் கணக்கு உண்டு: 20 அங்குல இடைவெளிக்குப் பட்டியில் 18 அங்குலத்தில் கோடு போட்டு, அந்தக் கோடு எதிர்ச் சட்டத்தைத் தொடும்வரை இழுத்து அடியுங்கள். அதற்கு மேல் இழுத்தால் சீக்கிரம் உயிர்விடும்.

வளைவு ஸ்பிரிங் உட்காரும்போதெல்லாம் கிறீச்சிட்டால், கிளிப்புக்குள் இருந்த உறை தேய்ந்து இரும்பு இரும்போடு உரசுகிறது. பழைய ரெக்ஸின் துண்டை கிளிப்புக்குள் செருகி மூடினால் சத்தம் நின்றுவிடும். ஸ்பிரிங்கின் மேல் கோணித்துணி ஒன்றை விரித்து அடித்துவிட்டே ஸ்பாஞ்ச் வைக்க வேண்டும். நேரடியாக வைத்தால் கம்பி அதை அரிந்துவிடும்.

எத்தனை மீட்டர் துணி வாங்குவது?

சோஃபா துணியின் வழக்கமான அகலம் 54 அங்குலம். 18 அங்குல இருக்கைக்கு, 2 அங்குல ஸ்பாஞ்ச் இரு பக்கமும், அடியில் மடித்து அடிக்க இரு பக்கமும் 2 அங்குலம் சேர்த்தால் 26 அங்குலச் சதுரம். ஓர் அகலத்தில் இரண்டு வரும். ஆறு நாற்காலிக்கு மூன்று வரிசை, 78 அங்குலம். இரண்டே கால் மீட்டர் வாங்குங்கள். பெரிய பூ போட்ட துணியென்றால் கணக்கு மாறும்: பூ 18 அங்குலத்துக்கு ஒருமுறை திரும்ப வந்தால் 36 அங்குலத்துக்கு ஒரு வரிசைதான் தொடங்க முடியும், இரண்டரை மீட்டர் ஆகிவிடும். மூன்று பேர் உட்காரும் சோஃபாவுக்குப் பொதுவாக 8 முதல் 10 மீட்டர்.

மங்கள்தாஸ் மார்க்கெட் போகிறவர்கள் சட்டை, சுடிதார் துணியின் அழகில் மயங்க வேண்டாம். அவை உட்காரும் உரசலைத் தாங்குவதற்கு நெய்யப்பட்டவையல்ல. தினமும் பயன்படும் சோஃபாவுக்கு மார்ட்டிண்டேல் உரசல் எண் (துணி எத்தனை உரசலைத் தாங்கும் என்பதன் அளவு) 20,000-க்கு மேல் இருக்கும் துணி கேளுங்கள். எண் தெரியாத கடையில், துணியை இரு கையாலும் பிடித்துக் குறுக்காக இழுங்கள். இழை விலகி வெளிச்சம் தெரிந்தால் தையலோரம் பிய்யும். பருத்தித் துணியை வெட்டுவதற்கு முன் ஒருமுறை நனைத்துக் காயவையுங்கள்.

மூன்று வருடத்தில் ரெக்ஸின் உரிந்து செதில் செதிலாகக் கொட்டுகிறது. ஒட்ட முடியுமா?

முடியாது. அது பியு வகை. துணியின் மேல் ஒட்டிய மெல்லிய பாலியூரிதேன் படலத்தைக் காற்றிலுள்ள ஈரமும் சூடும் மெல்ல மெல்ல வேதிமுறையில் சிதைக்கின்றன. மும்பைக் காற்றில் இரண்டுக்கும் குறைவில்லை. வியர்வையும் தலையில் தேய்க்கும் தேங்காய் எண்ணெயும் சேரும் தலைசாயும் இடமும் கைப்பிடியுமே முதலில் உரியும். பிவிசி ரெக்ஸின் இப்படி உரிவதில்லை, ஆனால் வருடங்கள் போகப்போக விறைத்து வெடிக்கும். தொடைக்கு வெக்கையாகவும் இருக்கும். இந்த ஊருக்கு நெருக்கமாக நெய்த துணியே எங்கள் சிபாரிசு. ரெக்ஸின்தான் வேண்டுமென்றால் குண்டூசி போடாதீர்கள், துளை மறையாது, கிளிப் போடுங்கள். தையலை 4 மி.மீ. நீளத்தில் விடுங்கள். நெருக்கமான தையல் தபால்தலை ஓரம்போலத் துளையிட்டு, அங்கேயே கிழியும்.

வீட்டுத் தையல் மெஷின் தாங்குமா?

இரண்டு மடிப்புத் துணிக்குத் தாங்கும். 16 அல்லது 18 எண் ஊசி, பாலியஸ்டர் நூல். பருத்தி நூல் ஈரத்தில் இற்றுவிடும். பைப்பிங் (தையலோரத்தில் வைக்கும் கயிறு போன்ற விளிம்பு) சேரும் இடத்தில் நான்கு மடிப்பு வரும், அங்கே காலால் மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பைப்பிங் துணியை 45 டிகிரி சாய்வாக ஒன்றரை அங்குலப் பட்டையாக வெட்டினால்தான் வளைவில் சுருங்காமல் படியும்.

மழைக்காலத்தில் இந்த வேலையைச் செய்யலாமா?

ஜூன் முதல் செப்டம்பர் வரை தள்ளிப்போடுவதே நல்லது. மரம் ஈரத்தில் உப்பியிருக்கும். ஸ்பிரிட் பாலிஷ் அடித்தால் வெள்ளையாகப் பூத்துவிடும். நாரும் பஞ்சும் காயாது. ஈரத்தோடு மூடிய மெத்தையில் பூஞ்சை வாடை வந்தால் திரும்பப் பிரிப்பதைத் தவிர வழியில்லை. அடித்துணியாக பிளாஸ்டிக் ஷீட்டை ஒருபோதும் அடிக்காதீர்கள், காற்று போகும் நெய்யாத கறுப்புத் துணிதான் சரி. ஓதம் ஏறும் சுவரிலிருந்து 4 அங்குலமாவது தள்ளிப் போடுங்கள்.

தாத்தா காலத்து ஈஸி சேருக்குக் கான்வாஸ் மட்டும் மாற்ற வேண்டும்.

எளிதான வேலை. பழைய துணி நீண்டு தொங்கியிருக்கும், அதன் அளவை நம்பாதீர்கள். நாற்காலியை விரித்து, இரண்டு கம்பிகளுக்கும் நடுவே ஒரு கயிற்றை உங்களுக்கு வேண்டிய குழிவில் தொங்கவிட்டு, அந்த நீளத்தை எடுங்கள். கான்வாஸ் முதல் சில வாரங்களில் கொஞ்சம் இளகும் என்பதால் அதில் ஓர் அங்குலம் குறைத்து, இரு முனை மடிப்புக்கும் வேண்டியதைச் சேர்த்து வெட்டுங்கள். இரு முனையிலும் கம்பி நுழையும் அளவுக்கு மடித்து, மூன்று வரிசைத் தையல் போடுங்கள். எடை முழுதும் அந்தத் தையலில்தான் தொங்குகிறது. பக்க ஓரங்களையும் மடித்துத் தையுங்கள். புதிதில் மெதுவாக உட்கார்ந்து, துணி சீராக இறங்குகிறதா என்று பார்த்த பிறகே பெரியவர்களை உட்காரச் சொல்லுங்கள்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது?

சுருள் ஸ்பிரிங்கை எட்டுத் திசையிலும் கயிறு போட்டுக் கட்ட வேண்டியிருந்தால், ஆழமான பட்டன் வேலை இருந்தால், உறை அசல் தோல் என்றால். கூப்பிட்டால், துணி போடுவதற்கு முன் பட்டியையும் ஸ்பாஞ்சையும் நீங்கள் பார்க்க வேண்டும் என்று பேசும்போதே சொல்லிவிடுங்கள். மிஞ்சிய துணியைக் கேட்டு வாங்கி வையுங்கள், பின்னால் ஒட்டுப் போட உதவும்.

கழற்றிய பழைய ஸ்பாஞ்சை என்ன செய்வது?

ஸ்பிரிங்கையும் பின்களையும் பங்கார்வாலா (பழைய இரும்பு வாங்குபவர்) எடுத்துக்கொள்வார். சுத்தமான, நொறுங்காத ஸ்பாஞ்சை ரீபாண்டட் செய்வதற்குச் சேகரிப்பவர்கள் உண்டு; அவரிடமே கேட்டுப் பாருங்கள். மஞ்சளித்துப் பொடியாக உதிர்வது எதற்கும் ஆகாது, மூக்கை மூடிக்கொண்டு பையில் கட்டிக் குப்பை வண்டியில் போடுங்கள். மழைக்கு முன் நாலாவில் (சாக்கடைக் கால்வாயில்) வீசினால் தெருத் தண்ணீர் வடியாமல் அடைத்துக்கொள்ளும்.